நான்காயிரம் அடி உயரத்தில் ஒரு வேண்டுதல்

விமானத்தில் கால் வைப்பதற்குப் பத்து வருடம் முன்பே விமான விபத்தில் மாட்டிக்கொண்டவன் நான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. விபத்து நடந்த இடம் சிங்கப்பூரின் பாய லேபார் விமான நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்த ஒரு தகரக் கொட்டகை. தரையிலிருந்து நான் இருந்த உயரம் மிஞ்சிப்போனால் இரண்டரை அடி. அந்த இரண்டரை அடியில் நான் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. சிராங்கூன் ரோட்டில் ராவுத்தர் கடையில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். பகலில் ரேடியோ, நடுநடுவே பஜனைக் கோஷ்டிகளின் ஆர்மோனியம், மாலையில் மின்பொறியியல் வகுப்பு. சான்றிதழ் வாங்கிய கையோடு, உலகத்திலுள்ள எல்லா இயந்திரங்களும் எனக்காகத்தான் காத்திருக்கின்றன என்று ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. (சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ரேடியோவுக்கு மேலே மாட்டியிருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டுக் கேட்கும்போது அதையும் பார்த்தாக வேண்டும்.)

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘விமானிகளுக்கான தரைப் பயிற்சி இயந்திரத்தைப் பராமரிக்க இளநிலைத் தொழில்நுட்பர் தேவை. ஓர் இடம்.’ தரையில் விமானப் பயிற்சியா? நூலகத்துக்கு ஓடினேன். ஒரு தடிப் புத்தகத்தில் படம் இருந்தது. பார்க்கப் பொம்மை விமானம். குட்டையான இறக்கை, குட்டையான வால், ஓர் ஆள் உட்காரும் இடம், மேலே மூடி. அடியில் நான்கு துருத்திகள். உள்ளே இருப்பவன் கைப்பிடியை அசைத்தால் துருத்திகளில் காற்று உறிஞ்சப்பட்டுப் பெட்டி முன்னும் பின்னும் சாயும், பக்கவாட்டில் சரியும், சுற்றும். மூடியை மூடிவிட்டால் விமானிக்கு வெளி உலகமே தெரியாது. முன்னால் இருக்கும் முட்களைப் பார்த்தே மேகத்துக்குள் ஓட்டுவதைக் கற்றுக்கொள்வான். தப்புச் செய்தால் மூடியைத் திறந்துகொண்டு வெளியே வந்து கோப்பி குடிக்கலாம். செத்துப்போக வேண்டியதில்லை!

எனக்குத் தலைகால் புரியவில்லை. காற்று, மின்சாரம், ரேடியோ மூன்றும் ஒரே பெட்டிக்குள்! அன்று இரவு சோறு இறங்கவில்லை. இனிமேல் ஊர் ஊராக விமான நிலையம் வரும், விமான நிலையத்துக்கு ஒரு பெட்டி வரும், பெட்டிக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான் என்று அக்காவிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். அக்கா பாக்கியம் ரேஸ் கோர்ஸ் ரோட்டு வீட்டில் என்னை வைத்துச் சோறு போட்டவள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“கீழ விழுமாடா?”

“தரையில இருக்கிறது எப்படிக்கா விழும்?”

“அப்பச் சரி. போய்ட்டு வா லா.”

நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. வேலை கிடைத்த கடிதம் இல்லை, வந்து பார் என்ற கடிதம்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ராவுத்தரிடம் போய் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டேன். (புத்தி இருக்கிறவன் செய்கிற காரியமா? எனக்குத்தான் தலைக்கு மேல் விமானம் பறந்துகொண்டிருந்ததே.)

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றிக் கடிதத்தைப் படித்தார். “தம்பி, இதுல வேலை கொடுத்தோம்னு எங்கயும் போடலையே?”

“கொடுத்திடுவாங்க பாய்.”

“கொடுக்கலைன்னா இங்க வந்து நிக்காதே. உன் இடத்துக்கு என் தங்கச்சி மகனைச் சொல்லிடுவேன்.”

மறுநாளே தங்கச்சி மகன் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இன்னொரு பக்கம் அக்கா, தேக்கா மார்க்கெட்டில் கீரைக்காரரிலிருந்து மீன்காரர் வரை எல்லோரிடமும் “தம்பி ஏரோப்ளேன் வேலைக்குப் போறான்” என்று சொல்லிவிட்டாள். ஆக, அந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்கு உட்கார ஸ்டூலும் கிடையாது, தலைநிமிர்ந்து நடக்கத் தெருவும் கிடையாது.

நேர்முக நாளன்று காலையில் அக்கா என்னை டேங்க் ரோட்டு முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அர்ச்சனை என்பது பதிவுத் தபால் மாதிரி. விலாசம் சரியாக இருக்க வேண்டும். நான் கண்ணை மூடி “முருகா, காப்பாத்து” என்று முடித்துக்கொண்டால் முதுகில் இடிப்பாள்.

“யாருன்னு சொன்னியா? இந்த ஊர்ல எத்தனை தங்கராசு இருக்கான்! பேரு, நட்சத்திரம், ராசி, எங்க இருக்கே, என்ன கஷ்டம், தீர்த்து வச்சா என்ன செய்வே, எல்லாத்தையும் வரிசையா சொல்லு. சாமி என்ன, நீ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுக்கிட்டு இருப்பாரா?”

சின்ன வயதிலிருந்து இப்படி இடி வாங்கி வாங்கி, முருகா என்றதுமே என் வாயிலிருந்து முழு விலாசமும் தானாக வரும்.

கொட்டகையில் என்னை வரவேற்றவர் தலைமை எழுத்தர் அருளப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். கழுத்துப்பட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கோப்பில் எழுதாத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்று நம்புகிறவர்.

“நீர்தானோ தங்கராசு? ஏன் தம்பி இப்பிடி வேர்க்குது? இரும். உமக்கு முன்னாலை வந்த ரெண்டு பேரும் பெட்டியைக் கண்டவுடனை வேண்டாம் எண்டு போயிட்டினம்.”

எனக்குப் புல்லரித்தது. போட்டிக்கு ஆளே இல்லை!

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அருளப்புவின் அறைக்கு மின்விசிறி. பெட்டிக்கு ஏர்கான். அதிலிருந்தே அங்கே யார் பெரிய ஆள் என்று புரிந்துகொண்டேன். பெட்டி நீல நிறத்தில் பளபளவென்று நின்றது. அதிலிருந்து நான்கு எட்டு தள்ளி ஒரு மேஜை. மேஜையில் கண்ணாடிக்கு அடியில் சிங்கப்பூர் வரைபடம். அதன்மேல் மூன்று சக்கரம் வைத்த சின்னக் கருவி ஒன்று மையை இழுத்துக்கொண்டு ஊரும். பெட்டிக்குள் இருப்பவன் ஓட்டும் வழியை அது அப்படியே வரைந்துவிடும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் நண்டு.

கேப்டன் ஓர் ஆங்கிலேயர். போரில் விமானம் ஓட்டியவர். இடது கால் லேசாக இழுக்கும். என் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துத் தள்ளி வைத்துவிட்டுத் துருத்தியைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். காற்றை உறிஞ்சும் மோட்டாரைப் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னேன். அவர் கேட்காத இரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“இது வெறும் ஆரம்பம்” என்றார். “ஜெட் விமானங்கள் வரப்போகின்றன. அவற்றுக்கு இந்தப் பெட்டி போதாது. ஓர் அறை நிறைய அலமாரி, அலமாரி நிறைய ரேடியோ வால்வு, நிஜமான விமானி அறை. எல்லாவற்றையும் மின்சாரமே கணக்குப் போட்டு ஓட்டும். ரேடியோ தெரிந்தவன், மின்சாரம் தெரிந்தவன், எண்ணெய் அழுத்தம் தெரிந்தவன் என்று ஒரு படையே வேண்டியிருக்கும். இன்று இந்தத் துருத்தியைக் கற்றுக்கொள்கிறவன் நாளைக்கு அந்த அலமாரிக்குச் சாவி வைத்திருப்பான்.”

அந்தச் சாவி என் இடுப்பில் தொங்குவது போலவே எனக்குத் தெரிந்தது. அங்கேதான் வாயை விட்டேன்.

“பெட்டிக்குள் உட்கார்ந்து சோதிக்க வேண்டியிருக்கும். சில பேருக்குத் தலை சுற்றும், பயம் வரும். உனக்கு எப்படி?” என்று கேப்டன் கேட்டார்.

“வயரிங் தெரியாதவர்களுக்குத்தான் சார் பயம் வரும்” என்றேன். (என்ன தெனாவெட்டு பாருங்கள்! அந்த வாயிலேயே ஒன்று போட்டிருக்க வேண்டும்.)

கேப்டன் புன்னகையோடு பெட்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

உட்கார்ந்தேன். காதில் ஹெட்ஃபோன், கழுத்தில் மைக். மூடி இறங்கியது. கும்மிருட்டு. முன்னால் முட்கள் மட்டும் பச்சையாக மின்னின. மோட்டார் உறுமியதும் பெட்டி உயிர்பெற்று லேசாக எழுந்தது. காதில் கேப்டன் குரல். “நான்காயிரம் அடிக்கு ஏறு. நேராகப் போ.”

ஏறினேன். உயரமானியின் முள் மெல்ல மேலே போனது. ஆயிரம். இரண்டாயிரம். நான்காயிரம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ராவுத்தர் கடை ஸ்டூல் எனக்கு நான்காயிரம் அடி கீழே இருந்தது. நேராகப் போவதாக முள் சொன்னது. ஆனால் என் உடம்பு மட்டும் இடது பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னது. வலது பக்கம் அடியிலிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய சத்தமும் வந்தது. காற்று ஒழுகும் ஆர்மோனியத்தில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம்.

அதைச் சொல்ல வாயெடுத்தபோது கேப்டன் ஏதோ ஒரு திருகைத் திருப்பியிருக்கிறார். கொந்தளிக்கும் காற்றுக்கான திருகாம் அது. பெட்டி குலுங்கியது. சரிசெய்கிறேன் என்று கைப்பிடியை வலப்பக்கம் இழுத்தேன். அதிகமாகிவிட்டது. இடப்பக்கம் இழுத்தேன். அதைவிட அதிகமாகிவிட்டது. பெட்டி சுற்ற ஆரம்பித்தது. உயரமானியின் முள் ‘சர்’ரென்று இறங்கியது.

அந்த நேரத்தில் என் மூளை என்ன செய்திருக்க வேண்டும்? ‘டேய் தங்கராசு, நீ கொட்டகைக்குள் இருக்கிறாய், கதவைத் திறந்தால் அருளப்பு நிற்பார்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கு துருத்தியின் பெயரும் எண்ணும் சொன்ன மூளை அது. ஆனால் இருட்டில் சுற்றும்போது அது எங்கே போனது என்றே தெரியவில்லை. நான் விழுந்துகொண்டிருந்தேன். சந்தேகமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தேன்.

“முருகா! நான் தங்கராசு! கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி! ரேஸ் கோர்ஸ் ரோட்டு பாக்கியத்தோட தம்பி! பாய லேபாருக்கு மேல மூவாயிரத்து ஐநூறு அடியில இருக்கேன்... இல்ல, மூவாயிரம்! இடது பக்கம் சாயுது முருகா! ஊசி நேரா இருக்குன்னு பொய் சொல்லுது! வலது துருத்தியில காத்து ஒழுகுது, ‘உஸ்ஸு’ன்னு சத்தம் வருது! பத்திரமா இறக்கி விட்டுடு, டேங்க் ரோட்டுக்கு வந்து மொட்டை போடுறேன்!”

முருகன் அசையவில்லை. முள் இரண்டாயிரத்துக்கு வந்தது.

“ரெண்டாயிரம் அடி முருகா! பால்குடமும் எடுக்கிறேன்!”

ஆயிரம்.

“செருப்பில்லாம வரேன்! சிராங்கூன் ரோட்டிலேருந்தே நடந்து வரேன்!”

ஐநூறு.

“மீசையையும் எடுத்துக்கோ!”

முள் பூஜ்யத்தைத் தொட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். செத்துப்போய்விட்டேன் என்றுதான் நினைத்தேன். மோட்டார் சத்தம் அடங்கியது. யாரோ மூடியைத் தூக்கினார்கள். சொர்க்கத்தில் ஏர்கான் போட்டிருந்தார்கள். எதிரே அருளப்பு பேனாவும் குறிப்புப் புத்தகமுமாக நின்றுகொண்டிருந்தார்.

ரேடியோ ரிப்பேர்காரனாகிய எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கழுத்தில் இருந்த மைக்குக்குப் பொத்தானே கிடையாது. உள்ளே மூச்சு விட்டாலும் மேஜையில் இருந்த ஒலிபெருக்கியில் கேட்கும்.

பெட்டியை விட்டு இறங்கினேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நண்டு வரைந்த கோடு பாய லேபாரில் நேராகக் கிளம்பி, முறுக்குப் பிழிந்ததுபோல் சுற்றிச் சுற்றி, பிடோக் கரையைத் தாண்டிக் கடலுக்குள் போய்ப் படத்தின் ஓரத்தில் நின்றிருந்தது. வேலை போய்விட்டது. ஸ்டூலும் போய்விட்டது. இனி எந்த முகத்தோடு தேக்காவில் கீரை வாங்குவது?

“அவன் என்ன கத்தினான்?” என்று கேப்டன் கேட்டார்.

“ஒண்டும் விடாமல் எழுதியிருக்கிறன்” என்று தமிழில் என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, அருளப்பு ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார். கிணற்றில் குதிக்கலாமா என்று எனக்கு இருந்தது. அந்தக் கொட்டகையில் கிணறு இல்லை.

“விண்ணப்பதாரர் தம் பெயரைச் சொல்கிறார். பிறந்த நட்சத்திரத்தையும் சொல்கிறார், அதற்கு எனக்கு ஆங்கிலச் சொல் தெரியாது, ஐயா. வசிக்கும் இடம், பொறுப்பாளரான சகோதரியின் பெயர். இருக்கும் இடம், பாய லேபாருக்கு மேலே. உயரம், மூவாயிரத்து ஐநூறு, இறங்கிக்கொண்டிருக்கிறது. கோளாறு, பெட்டி இடப்பக்கம் சாய்கிறது, முள் தவறாகக் காட்டுகிறது, வலது துருத்தியில் காற்றுக் கசிவு. உத்தேசம், பத்திரமாக இறங்கினால் தலைமயிரை முழுதும் மழித்துக்கொள்வது. இரண்டாயிரம் அடியில், கூடுதலாக ஒரு குடம் பால். ஐநூறு அடியில், மீசை.”

கேப்டன் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பெட்டிக்கு அடியில் தவழ்ந்தார். வலது துருத்தியில் காது வைத்தார். திரும்பி வந்தபோது முழங்கை முழுக்க எண்ணெய்.

“மடிப்பில் கிழிந்திருக்கிறது. இரண்டு வாரமாக விமானிகள் பெட்டி சாய்கிறது என்றார்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நான் திட்டி அனுப்பினேன்.” நாற்காலியில் உட்கார்ந்து என்னை உற்றுப் பார்த்தார். “ஆபத்தில் விமானி ரேடியோவில் எதைச் சொல்ல வேண்டும் தெரியுமா? நான் யார், எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரம், என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறேன். ஒவ்வொருவனுக்கும் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறேன். பெட்டி சுற்ற ஆரம்பித்தால் அத்தனை பேரும் கெட்ட வார்த்தைதான் பேசுகிறார்கள். உனக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?”

“எங்க அக்கா, சார்.”

“அவர் விமானப் படையில் இருந்தவரா?”

“இல்லை சார். அவங்க கோயிலுக்குப் போறவங்க.”

கேப்டன் அருளப்புவைப் பார்த்தார். அருளப்பு அதையும் எழுதிக்கொண்டார்.

“திங்கட்கிழமை வந்துவிடு” என்றார் கேப்டன்.

நான் துள்ளிக் குதித்திருப்பேன். தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால் நாற்காலியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே இளித்தேன். வேலை கிடைத்துவிட்டது! நன்றி சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தேன். அருளப்பு பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தார்.

“தம்பி, அந்த உத்தேசம் இன்னும் பாக்கியாய் நிற்குது.”

“எந்த உத்தேசம்?” என்றேன், தெரியாதவன் போல.

“மொட்டை.”

அந்தக் காலத்தில் என் தலைமுடி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பிரசித்தம். முன்னால் குருவிக்கூடு மாதிரி தூக்கி வாரியிருப்பேன். அதற்காகத் தினமும் அரை மணி நேரம் கண்ணாடி முன் நிற்பேன். வாதாடத் துணிந்தேன்.

“சார், விமானம் பறக்கவே இல்லையே! பொய் விமானத்துக்கு எதுக்கு சார் நிஜ மொட்டை? அதோட முள் பூஜ்யத்துக்கு வந்திடுச்சு, நான் மோதிட்டேன். முருகன் காப்பாத்தவே இல்லை. ஒப்பந்தம் செல்லாது.”

“உயிரோடைதானே நிக்கிறீர் தம்பி?” என்றார் அருளப்பு. “விமானம் பொய்தான். நீர் பயந்தது பொய்யோ?”

அவர் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கேப்டன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நண்டு ஒரு குதி குதித்தது.

“நம் தொழிலே அதுதான்! விமானம் பொய், பயம் நிஜம். பயம் நிஜமாக இருந்தால்தான் பாடம் நிற்கும். பெட்டிக்குள் சொன்னது எல்லாம் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறியதைச் செய்து முடித்து, முடித்தோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். துருத்தி மாற்றுகிறேன் என்று எழுதிவிட்டு மாற்றாமல் போகிறவன் எனக்கு வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். வேலை கிடைத்ததற்கு அழுதாள். மொட்டைக்குச் சிரித்தாள். மீசைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, “ஐநூறு அடியிலதானே சொன்னே? அதுக்குள்ள வாயை மூடியிருக்கலாம் லா” என்றாள். ஒன்றையும் குறைத்துக்கொள்ள அவள் சம்மதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிராங்கூன் ரோட்டிலிருந்து செருப்பில்லாமல் பால்குடத்தோடு நடந்தேன். ராவுத்தர் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “வேலை கிடைக்கலையா தம்பி?” என்று இரக்கத்தோடு விசாரித்தார். டேங்க் ரோட்டு வாசலில் அருளப்பு குடையும் கழுத்துப்பட்டையுமாகக் காத்திருந்தார். பூசை முடித்து நேரே மாதா கோயிலிலிருந்து வந்திருக்கிறார்.

“நான் உள்ளுக்கு வரமாட்டன். ஆனா கண்ணாலை காணாமல் கோப்பிலை எழுதக் கூடாது, பாரும்.”

மொட்டைத் தலையோடு வெளியே வந்தேன். சுற்றி நின்று பார்த்தார். மேலுதட்டையும் பார்த்தார். ‘நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை விமான நிலைய அனுமதிச் சீட்டுக்குப் படம் எடுத்தார்கள். அந்த மொட்டைப் படத்தைத்தான் அடுத்த சில வருடங்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். கேப்டன் சொன்னபடியே பெரிய இயந்திரம் வந்தது. அறை நிறைய அலமாரி, அலமாரி நிறைய வால்வு. முதல் நாள் அதற்கு மின்சாரம் கொடுத்தபோது அத்தனை வால்வும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியும் என்னிடம்தான் இருந்தது.

அறுபதுகளின் கடைசியில்தான் முதல் தடவையாக நிஜ விமானத்தில் ஏறினேன். மனைவி சரோஜாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் மதராசுக்குப் பயணம். அதற்குள் என் குருவிக்கூடு தானாகவே பாதி காலியாகியிருந்தது. வங்கக் கடலுக்கு மேலே விமானம் குலுங்கியது. இதெல்லாம் எனக்குத் தினசரி வேலை, திருகைத் திருப்பி நானே ஆயிரம் தடவை குலுக்கியிருக்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

“முருகா! நான் தங்க...”

சரோஜாவின் கை என் வாயை அடைத்தது.

“பேசாம உக்காருங்க. இருக்கிறதே நாலு முடி. அதையும் நேர்ந்து விட்டுட்டு வந்து நிக்காதீங்க.”

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பிள்ளைகள் இரண்டும் சிரித்தன. இன்றைக்கும் குடும்பத்தோடு எங்காவது பறக்கும்போது இடுப்புப் பட்டையைப் பற்றி யாரும் முதலில் கவலைப்படுவதில்லை. “அப்பா வாயை மூடியாச்சா?” என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.